வலது பக்கம் இழுத்த வண்டி

மரக்காணம் உப்பளங்களைத் தாண்டும் இடத்தில் சாலைக்கு இரண்டு பக்கமும் காற்றைத் தடுக்க ஒன்றும் கிடையாது. அங்கேதான் எங்கள் வண்டி முதல் தடவை என் கைக்கு அடங்காமல் போனது. பின்னால் வந்த பேருந்து ஒன்று எங்களை முந்தியது. அது நெருங்கும்போது அதன் காற்று எங்களை இடது பக்கம் தள்ளியது. கடந்து போகும்போது வலது பக்கம் இழுத்தது. நான் ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தேன். வண்டி வரவில்லை. இன்னும் ஒடித்தேன். ஒரேயடியாக வந்து, சாலையை விட்டு இறங்கி, மண்ணில் ஒரு குலுக்கு குலுக்கி நின்றது. பின்னால் தட்டுமுட்டுச் சாமான்கள் எல்லாம் சரிந்து விழுந்தன.

பக்கத்து சீட்டில் இருந்த என் மனைவி இரண்டு கையாலும் டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"திரும்பிப் போயிடலாங்க" என்றாள்.

திரும்பினோம். புதுச்சேரியிலிருந்து கிளம்பிய எங்கள் முதல் பயணம் அரை நாள்கூடத் தாங்கவில்லை.

வாலிப வயதிலிருந்தே நான் சுற்றுலா வேன் ஓட்டியவன். அப்பா மில் தொழிலாளி. மில் நின்றபோது என்னிடம் ஒரு லைசென்ஸ் இருந்தது, அதைக் கொண்டு பிழைத்தேன். யார் யாரையோ ஏற்றிக்கொண்டு கன்னியாகுமரியும் திருப்பதியும் மூணாறும் போயிருக்கிறேன். மனைவியை ஏற்றிக்கொண்டு கடலூரைத் தாண்டியதில்லை. அவளுக்குச் சர்க்கரை வியாதி. அடிக்கடி கழிப்பறை தேடவேண்டும். பேருந்துப் பயணம் என்றால் முந்தின நாளிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் கிடப்பாள். கடைசியில் போவதையே விட்டுவிட்டாள்.

மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு, ஓடித் தேய்ந்த ஒரு வேனை வாங்கினேன். சீட்டுகளைக் கழற்றிவிட்டு உள்ளே ஒரு கட்டில், ஒரு அடுப்பு மேடை, பின்கோடியில் தண்ணீர் டேங்க், மூலையில் ஒரு சின்னக் கழிப்பறை. முதலியார்பேட்டையில் எங்கள் தெருவில் அதை நிறுத்தியபோது, சினிமா நடிகர் யாரோ வந்திருக்கிறார் என்று எட்டிப் பார்த்தவர்கள் உண்டு. அவள் கழிப்பறைக் கதவை நாலைந்து தடவை திறந்து மூடிப் பார்த்தாள். முகம் கொஞ்சம் மலர்ந்தது.

மரக்காணத்திலிருந்து திரும்பிய மறுநாளே வண்டியை வில்லியனூர் ரோட்டில் இருந்த மெக்கானிக்கிடம் விட்டேன். என்னைவிட இளையவர். நான் ஓட்டிய வேன்களையெல்லாம் பார்த்தவர். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தின் மேலும் கீழும் கை வைத்து ஆட்டினார். சக்கரம் பல் ஆடுவதுபோல ஆடியது.

"கிங் பின் தேஞ்சிருக்குண்ணே. டை ராடும் போயிருக்கு. நீங்க திருப்புறது சக்கரத்துக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள வண்டி அது இஷ்டத்துக்குப் போயிடுது."

புதுசு போட்டு, அலைன்மென்ட் பார்த்துக் கொடுத்தார். ஸ்டியரிங்கில் இருந்த ஆட்டம் போயிற்று. ஆனாலும் பேருந்து முந்தும்போது வண்டி தளும்பியது. அதோடு இன்னொன்று: வலது பக்கம் இழுத்தது. நம் சாலைகளில் வலது பக்கம் என்றால் எதிரே வருகிறவன் மேல்.

மறுபடி போனேன். இந்தத் தடவை அவர் வண்டியை எடைமேடைக்குக் கொண்டுபோகச் சொன்னார். முதலில் முன்சக்கரம் மட்டும், பிறகு பின்சக்கரம் மட்டும் ஏற்றி நிறுத்தினோம். எடையைக் கேட்டதும் அவர் சிரித்துவிட்டார்.

"இம்மாம் கனத்தையும் வால்ல கட்டி வெச்சிருக்கீங்க. முன்சக்கரம் ரோட்ட அழுத்தினாத்தானே உங்க பேச்ச கேக்கும்?"

உண்மைதான். தண்ணீர் டேங்க் பின் அச்சுக்கும் பின்னால் இருந்தது. நிறைத்துவிட்டால் பின்பக்கம் அமுங்கி, மூக்கு லேசாகிவிடும். மேலே கேரியரில் வேறு ஒரு வீட்டுச் சாமானே இருந்தது. டேங்கைக் கழற்றி, இரண்டு அச்சுகளுக்கும் நடுவில் கட்டிலுக்கு அடியில் வைத்தோம். கேரியரைக் காலி செய்தோம். ஆள் ஏற்றிய காலத்தில் அடித்த காற்றையே டயர்களுக்கு அடித்துக்கொண்டிருந்தேன். ஏற்றின கனத்தைப் பார்த்து, டயர் சூடாவதற்கு முன்னால், முன்னுக்குத் தனியாகவும் பின்னுக்குத் தனியாகவும் அடிக்கப் பழகினேன்.

அதன் பிறகு ஷாக் அப்சார்பர்களை மாற்றினோம். பின் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடச் சேர்த்தோம். கடைசியாக, வளைவில் வண்டி சாயும்போது இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும் தடித்த கம்பி ஒன்றைப் பின் அச்சில் பொருத்தினார். ஒவ்வொன்றுக்குப் பிறகும் வண்டி தேறியது. பிள்ளைச்சாவடிப் பக்கம் ஓட்டிப் பார்த்தபோது எதிரே லாரி வந்து போனது, வண்டி அசையவில்லை. அடுப்பு மேடையில் வைத்திருந்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருந்தது.

ஆனால் வலது பக்கம் இழுப்பது மட்டும் நிற்கவில்லை.

மெக்கானிக் முன் டயர்களை இடம் வலமாக மாற்றிப் பார்த்தார். பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று, ஓடி வந்த சக்கரங்களின் நடுவில் புறங்கையை வைத்துச் சூடு பார்த்தார். அலைன்மென்டை இன்னொரு கடையில் பார்த்தேன். அங்கேயும் சரியாக இருக்கிறது என்றார்கள். எனக்குக் கோபம் வந்தது. "வேல தெரிஞ்சவன்னு உங்கிட்ட வந்தா, நீ பாக்கறதெல்லாம் பாத்துட்டு இழுக்கறத மட்டும் வுட்டுட்ற" என்று ஒருநாள் கத்தினேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "சாவிய குடுங்கண்ணே. நான் ஓட்றேன். நீங்க பக்கத்துல உக்காருங்க."

காலாப்பட்டுப் பக்கம் சாலை நேராக ஓடும் இடத்துக்குப் போனோம். பின்னால் முன்னால் யாரும் இல்லாத நேரம் பார்த்து, ஸ்டியரிங்கிலிருந்து விரல்களைக் கொஞ்சம் தூக்கினார். வண்டி கோடு கிழித்ததுபோல நேராகப் போனது. மறுபடியும் செய்து காட்டினார். நேராகவே போனது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஏதோ ஒன்று தானாகவே சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

"இப்ப நீங்க ஓட்டுங்க" என்றார்.

மாறி உட்கார்ந்தேன். கொஞ்ச தூரம் போவதற்குள் சாலையின் நடுக்கோடு வண்டிக்கு அடியில் வந்துவிட்டது. எதிரே தூரத்தில் ஒரு கார். அவருடைய கை நீண்டு வந்து ஸ்டியரிங்கைப் பிடித்து இடது பக்கம் கொண்டுவந்தது.

"ஓரமா நிறுத்துங்கண்ணே."

நிறுத்தினேன். அவர் சாலையைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலது கைய மடியில வெச்சிக்கங்க. இடது கையால மட்டும் கொஞ்ச தூரம் மெதுவா ஓட்டுங்க."

ஓட்டினேன். வண்டி நேராகப் போனது.

அவர் மெதுவாகச் சொன்னார்: "அந்தக் கை ஓட்டலண்ணே. ஸ்டியரிங்ல தொங்குது. அதோட கனந்தான் வண்டிய இழுக்குது."

என் கையை நான் பார்த்தேன். மடியில் கிடந்தது. கட்டைவிரல், யாரோ எண்ணிக்கொண்டிருப்பதைப்போல, ஆள்காட்டி விரலில் லேசாக உரசிக்கொண்டே இருந்தது. நிறுத்த நினைத்தேன். கொஞ்சம் நின்று மறுபடி ஆரம்பித்தது.

திரும்பி வரும்போது அவர்தான் ஓட்டினார். ஷெட் வாசலில் இறங்கியதும், "வண்டி நல்லாருக்குண்ணே. நீங்க டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றார். நான் கத்தியதற்கு ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். சொல்லாமலே, வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன்.

மனைவி அடுப்படியில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை.

"தெரியும்" என்றாள்.

"இன்னா தெரியும்?"

"நீங்க நடக்கறப்ப ஒரு கைய வீசறதில்ல. வீராம்பட்டினம் கோயிலுக்குப் போனப்ப பின்னாடி நின்னு பாத்தேன். சட்டைக்கு பொத்தான் போட இம்மாம் நேரம் ஆவுது. சாப்புடறப்ப சோறு விரல்லயே நிக்குது."

"ஏன் சொல்லல?"

கீரைக் காம்பை ஒதுக்கினாள். "மரக்காணத்துல வண்டி மண்ணுல எறங்கினப்பவே சொல்லலான்னுதான் பாத்தேன். வண்டிதான் ரிப்பேருன்னு நீங்க சொன்னீங்க. வண்டியாவே இருக்கட்டும்னு நானும் சாமிய கும்புட்டுக்கினே இருந்தேன்."

டாக்டர் என் விரல்களைத் தட்டித் தட்டிக் காட்டச் சொன்னார். வராந்தாவில் நடந்து திரும்பி வரச் சொன்னார். வாசனை தெரிகிறதா என்று கேட்டார். மனைவி சட்டென்று நிமிர்ந்தாள். வண்டியில் கேஸ் ட்யூபை மாட்டிய அன்று கசிந்த வாடை அவளுக்கு வாசல் வரைக்கும் வந்திருக்கிறது. சிலிண்டருக்குப் பக்கத்திலேயே குனிந்திருந்த எனக்கு வரவில்லை. ஜலதோஷம் என்று சொல்லியிருந்தேன்.

நரம்பு வியாதி, மாத்திரையில் கட்டுப்படும், தீராது, போகப் போகக் கூடும் என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். எனக்குக் கேட்க ஒன்றுதான் இருந்தது.

"வண்டி ஓட்டலாமா சார்?"

"வேண்டாம்."

"மெதுவா? காலி ரோட்ல?"

"எதிர வர்றவருக்கு உங்க கை இப்படின்னு தெரியாது இல்லயா?" என்றார்.

மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு வந்தோம்.

மெக்கானிக் ஒருநாள் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் விட்டார். எங்கே போகவேண்டும் என்று சொன்னால் தானே ஓட்டிக்கொண்டு போய்க் காட்டி வருவதாகச் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். மனைவி காப்பி கொடுத்து, வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அவர் போனதும் நான் சண்டை பிடித்தேன். உனக்காகத்தான் இத்தனையும் செய்தேன், ஊரைப் பார்க்கட்டும் என்றுதான் செய்தேன் என்றேன். அவள் என்னிடம் அப்படிக் குரல் எடுத்துப் பேசியதே இல்லை.

"ஊரு பாக்கணும்னு நான் கேட்டனா? ஊரு எங்க ஓடப்போவுது? வாழ்நாள் பூரா எவன் எவனோ உங்க பக்கத்துல முன்சீட்ல உக்காந்தான். நான் கதவ சாத்திக்கினு இங்க உக்காந்திருந்தேன். எனக்கு அந்த சீட்டுதான் வேணும். வேற ஒருத்தர் ஓட்ட, நான் பின்னாடி சரக்கு மாதிரி கெடந்து போவணுமா?"

அப்படியே அழுதுகொண்டு வீட்டுக் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். அவள் என்ன கேட்கிறாள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

வண்டி வாசலில் நின்றது. தினமும் காலையில் ஏறி, இஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைப்பேன். சில நாள் அவளும் வந்து பக்கத்து சீட்டில் உட்காருவாள். தெருவில் போகிறவர்கள் எங்கே பயணம் என்று கேட்டுக்கொண்டே போவார்கள். மழைக்காலம் முடிந்தபோது என் வலது காலும் கொஞ்சம் இழுக்க ஆரம்பித்தது. கிளட்சை விடும் இடது கால் மட்டும் நன்றாக இருந்தது. அவளே சொன்னாள்: "குடுத்துடலாங்க. பாக்கப் பாக்க வயிறு எரியுது."

ஒரு இளம் கணவனும் மனைவியும் பார்க்க வந்தார்கள். அவன் ஓட்ட நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். மனைவி உட்காரும் அந்த இடத்திலிருந்து சாலையைப் பார்த்தேன். கனத்தைத் தரையோடு தரையாக, நடுவில் வைக்கவேண்டும். மேலே ஏற்றக் கூடாது. டயரைக் காலையில் ஆறியிருக்கும்போது பார்க்கவேண்டும். பேருந்து முந்தும்போது ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்காமல், ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை லேசாக எடுத்தால் போதும் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அவன் தலையாட்டினான். பேருந்து ஒன்று எங்களை முந்திப் போனது. வண்டி அசையவில்லை.

"சூப்பரா போகுது அங்கிள். கைய வெச்சிருந்தாப் போதும்போல இருக்கு" என்றான்.

"ஆமா" என்றேன்.

மறுநாள் எடுத்துக்கொண்டு போனார்கள். தெருமுனையில் அவன் திருப்பியபோது வண்டி ஒரு பக்கம் சாயாமல், அலுங்காமல் திரும்பியதைப் பார்த்தேன். அத்தனை நன்றாக அது ஒருநாளும் என் கையில் திரும்பியதில்லை. மனைவி வெளியே வரவில்லை.

சாயங்காலம் பார்த்தால், வண்டி நின்ற இடத்தில் இருந்த எண்ணெய்க் கறையின் மேல் சோப்புப் பொடியைக் கொட்டி, குந்தி உட்கார்ந்து பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் போய் இரண்டு கையையும் நீட்டினேன். எழுந்திருக்க என் இடது கையைத்தான் பிடித்தாள்.