பட்டுப் பாவாடையின் கடைசி டக்

என் தையல் பெட்டியில் ஒரு ரிப்பர் கிடக்கிறது. சுண்டுவிரல் நீளத்தில் நீலப் பிடி, முனையில் கவட்டை மாதிரி இரண்டு கிளை. நீளக் கிளை வாங்கியபோது ஊசியைப் போலக் கூர். குட்டைக் கிளையின் தலையில் ஒரு சிவப்பு மணி. இரண்டும் சேருகிற வளைவில்தான் நூலை வெட்டும் பதம் இருக்கிறது. மணி இப்போது சாயம் போய் வெளுத்துவிட்டது. ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிற எனக்குத் தையல் பிரிக்க, இந்த ரிப்பரை வாங்கும்வரை, அரை பிளேடே போதுமானதாக இருந்தது. இதை வாங்கியது என் அண்ணிக்காக. இன்னும் சரியாகச் சொன்னால், அண்ணி பெற்ற ஒரே பிள்ளையின் ஒரே ஒரு பட்டுப் பாவாடைக்காக.

குறுவை நன்றாக விளைந்த ஒரு வருடம், தீபாவளிக்குத் திருபுவனம் போய் அரக்குப் பட்டு எடுத்து வந்தார் அண்ணி. பாப்பாவுக்கு அப்போது ஐந்து வயது. வளரும் பெண்ணுக்குப் பட்டு தைக்கிறவர்கள், கரைக்கு மேலே துணியை உட்பக்கமாக மடித்து டக் பிடிப்போம். பிள்ளை வளர வளர ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டால் பாவாடையும் கூடவே இறங்கும். சாதாரணமாக இரண்டு பிடிப்பது வழக்கம். அண்ணி மூன்று கேட்டார். "அவங்கப்பா ஒசரம் வருவாடி, நீ பாத்துக்கிட்டே இரு" என்றார். "நான் பாவாடை தைக்கிறேனா, தென்னை மரத்துக்கு உறை தைக்கிறேனா?" என்று கேலி செய்துகொண்டே மூன்றும் பிடித்தேன். அண்ணன் நிலைப்படியில் குனிந்து நுழைகிற ஆள். அண்ணியின் கணக்கில் தப்பு ஒன்றும் இல்லை.

அடுத்த தீபாவளிக்கு முன்பு பிள்ளையின் முகம் வீங்கத் தொடங்கியது. தஞ்சாவூருக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். சிறுநீரகம் சரியில்லை, மருந்து கொடுப்போம், ஆனால் வளர்த்தி இருக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பஸ்ஸை விட்டு இறங்கிய அண்ணி வீட்டுக்குப் போகாமல் நேரே என்னிடம்தான் வந்தார். "தீபாவளி வருதுல்ல, ஒரு டக்கைப் பிரிச்சு வுட்டுடு. பட்டுல பிளேடு கிளேடு வச்சே, கைய ஒடிச்சிருவேன்" என்றார்.

அதற்காக ஒரு ரிப்பர் வாங்கக் கும்பகோணம் போனேன். தையல் சாமான் கடையில் நான் கத்தரிக்காய் பொறுக்குவது போல ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பதைக் கண்டு கடைக்காரருக்கே அலுத்துவிட்டது. தடித்த பிடி கைக்குச் சுகம்தான், ஆனால் அதில் முனையும் தடிமனாக இருந்தது. நெருக்கித் தைத்த தையலுக்குள் அது நுழையாது. மிஷினோடு சும்மா தருகிறார்களே, அது மொக்கை. மொக்கை முனை நூலை வெட்டாமல் துணியை இழுக்கும். பட்டில் ஓர் இழை இழுபட்டால் கோடு விழுந்து கடைசிவரை நிற்கும். புடவை முந்தானையில் குத்திப் பார்த்து, தடங்கல் இல்லாமல் உள்ளே போன இந்த ஒல்லி நீலத்தை எடுத்துவந்தேன்.

பிரிக்கும் முன்பு பாப்பாவுக்குப் பாவாடையைக் கட்டிவிட்டுப் பார்த்தோம். கரை போன வருடம் நின்ற இடத்திலேயே, கணுக்காலில் நின்றது. "ஏறியிருக்கு பாரு" என்றார் அண்ணி. குனிந்து பார்த்தேன். கரை மெல்ல மேலே ஏறியது. பாப்பா அம்மாவுக்காகக் குதிகாலைத் தூக்கிக்கொண்டு நின்றாள். விழுந்துவிடாமல் இருக்க என் மிஷின் மேசையை ஒரு கையால் பிடித்திருந்தாள். நானும் பார்த்தேன், அண்ணியும் பார்த்தார். "ஆமாம் அண்ணி, ஏறித்தான் இருக்கு" என்றேன்.

ரிப்பரைத் தையலோடு சர்ரென்று ஓட்டினால் வேலை சீக்கிரம் முடியும். மடிப்புக்குள் மணியை விட்டுத் தள்ளினால் துணி கிழியாது என்பார்கள். பட்டில் எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. நாலைந்து தையலுக்கு ஒன்றாகக் கூர்முனையைக் கொடுத்து வெட்டிக்கொண்டே போய், துணியைத் திருப்பி மறுபக்கத்து நூலைப் பிடித்து இழுத்தேன். அது முழுசாக உருவிக்கொண்டு வந்தது. மடிப்பு விரிந்த இடத்தில் வெயில் படாத பட்டு, கடையில் வாங்கிய அன்றைய நிறத்தில் பட்டையாகத் தெரிந்தது. பாப்பா அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். தீபாவளியன்று ஒரு கையால் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் பலகாரத் தட்டு கொண்டுபோனாள். சாயங்காலம் அண்ணியே பாவாடையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். "தடுக்கி வுளுந்துருவா. இப்பக்கி மட்டும் தச்சு வையி" என்றார். ஊசி போன பழைய ஓட்டைகள் மேலேயே மறுபடியும் தைத்தேன்.

அடுத்த தீபாவளியைப் பாப்பா பார்க்கவில்லை. எங்களால் ஆனதெல்லாம் செய்தோம். எங்களால் ஆனது எதுவும் இல்லை.

எங்கள் பக்கம், கல்யாணத்துக்கு முன்பே செத்துப்போன பெண்பிள்ளை அந்த வீட்டுக் கன்னித் தெய்வம் ஆகிவிடுவாள். அவள் துணியை மூங்கில் பெட்டியில் வைத்திருந்து, ஆடி வெள்ளியில் எடுத்து விரித்து, பொங்கல் வைத்துப் படைப்பார்கள். முதல் ஆடியில் பாவாடையை அப்படியே வைத்துப் படைத்தார் அண்ணி. அடுத்த ஆடிக்கு, வாய்க்காலில் தண்ணீர் வந்து ஊரே வயலில் கிடந்த நேரத்தில், சேற்றுக்காலோடு என் வாசலில் வந்து நின்றார். கையில் அந்தப் பாவாடை.

"ஒரு டக்கப் பிரிச்சுக் குடுடி. புள்ளைக்குக் குட்டையாப் போயிருக்கும்."

எனக்குச் சட்டென்று கோபம்தான் வந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அண்ணி என் முகத்தைப் பார்க்காமலே, "அங்க அவளுக்கு நோவு கெடையாதுல்ல, வளந்துருப்பா" என்றார். ரிப்பரை எடுத்தேன். அதற்கடுத்த வருடமும் வந்தார்.

இந்த ஆடியில் கடைசி டக். முனை மழுங்கியிருந்ததால் நூல் லேசில் அறுபடவில்லை. ஒவ்வொரு தையலையும் நெம்பி நெம்பி எடுத்தேன். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து அறுந்த நூல்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் எழுந்து பாவாடையைத் தன் இடுப்பில் வைத்துப் பார்த்தார். கரை அவருடைய முழங்காலைத் தாண்டிக் கீழே வந்தது. "என் தோளுக்கு வந்துட்டா போலிருக்கு" என்றார். அந்தச் சிரிப்பை அவர் முகத்தில் பார்த்து வெகுநாளாகியிருந்தது. பிறகு பாவாடையைத் திருப்பி உட்புறமாகத் தடவினார். கரையிலிருந்து மேலே வந்த கை எங்கும் தட்டவில்லை. மடிப்பு எதுவும் மிச்சம் இல்லை. அவர் கை இடுப்புப் பட்டியில் வந்து நின்றது.

"இதுக்குள்ள கொஞ்சம் துணி இருக்குமில்ல?"

"இருக்கு அண்ணி."

"அப்ப அடுத்த ஆடிக்கு அதப் பிரிச்சுக்கலாம். இது மொக்கையாப் போச்சு, புதுசு ஒண்ணு வாங்கி வையி."

நேற்றுக் கும்பகோணம் போய் வாங்கிவந்துவிட்டேன். அதே ஒல்லி முனைதான், அதே சிவப்பு மணி. உறையைப் பிரிக்காமல் பழையதற்குப் பக்கத்தில் போட்டு வைத்திருக்கிறேன். பட்டிக்குள் ஒரு விரல் அகலத் துணிதான் இருக்கிறது. அந்தப் பாவாடையைத் தைத்தவள் நான், எனக்குத் தெரியும். தடவிப் பார்த்தாரே, அண்ணிக்கும் தெரியும்.