உப்பு போடவில்லை என்று சொன்னேன்

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு பிப்ரவரிக் கடைசியில் தொடங்கிய விஷயம் இது. எனக்குக் கல்யாணமாகி ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கிராமத்தில் நானும் என் கணவரும் தனியாகக் குடியிருந்தோம். நான் திருப்புறத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தேன். அவருக்குப் பாலராமபுரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. வேலைக்கு முன்னாலும் வேலை முடிந்தும் ஜிம்முக்குப் போவார். ஜிம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு கொட்டகை, நாலைந்து இரும்புக் கம்பிகள், அரை ஆள் உயரக் கண்ணாடி ஒன்று.

ஏப்ரலில் நெய்யாற்றின்கரையில் ஒரு கிளப்பின் ஆண்டு விழா. அதில் ஆணழகன் போட்டி இருந்தது. இப்போது எல்லாரும் சிக்ஸ் பேக் என்கிறார்கள். அன்றைக்கு எங்கள் ஊரில் வயிற்றில் கட்டு விழுவது என்றுதான் சொல்வார்கள். என் கணவருக்குத் தோளும் கையும் நன்றாக இருந்தன. கட்டு மட்டும் விழவில்லை. யாரோ ஆங்கிலப் பத்திரிகை ஒன்றிலிருந்து நகல் எடுத்துக் கொடுத்த ஒரு தாளைக் கொண்டுவந்து, அதைத் தமிழில் எழுதி அடுக்களைச் சுவரில் ஒட்டினார். சோறு கிடையாது. கிழங்கு கிடையாது. தேங்காய், எண்ணெய், சர்க்கரை எதுவும் கிடையாது. உப்பு அறவே கூடாது. நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். முட்டை வெள்ளை, அவித்த கோழி, அவித்த பயறு, இவ்வளவுதான் சாப்பாடு.

தேங்காயும் இல்லாமல் உப்பும் இல்லாமல் எங்கள் பக்கத்தில் ஒருத்தி என்ன சமைப்பாள்? ஆனாலும் சொன்னபடியே செய்தேன். முதல் நாலு நாள் அவர் வீரமாகத்தான் சாப்பிட்டார். ஐந்தாம் நாளிலிருந்து ஆள் மாறிவிட்டார். படுத்தால் தூங்க மாட்டார். எழுந்து முற்றத்தில் நடப்பார். கதவு சத்தம் போட்டால் கோபம், நான் மெஷின் மிதித்தால் கோபம். நான் ரசத்துக்குத் தாளித்த வாசனைக்கு ஒரு நாள் சண்டையே வந்துவிட்டது. அதன் பிறகு அவர் வெளியே போன பிறகுதான் எனக்கென்று எதையாவது பொங்குவேன். கல்யாணத்துக்கு முன்னால் பெண் பார்க்க வந்தபோது, "நல்ல சாந்தமான பையனாக்கும்" என்று தரகர் சொன்னதை நினைத்து நினைத்துப் பார்ப்பேன்.

ஏழாம் நாளோ எட்டாம் நாளோ, காலையில் அவர் கிணற்றில் தண்ணீர் கோரிக்கொண்டிருந்தார். கயிறு கையை விட்டு நழுவி வாளி உள்ளே போய் விழுந்தது. நான் ஓடிப் போய்ப் பார்த்தேன். கிணற்றின் கட்டைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு கைகளும் நடுங்கின. இருபத்தெட்டு வயது ஆள்.

"ஒண்ணுமில்லை, நீ போ" என்றார்.

அடுக்களைக்குள் போனேன். கோழிக்கு உலை கொதித்துக்கொண்டிருந்தது. உப்புப் பரணியைத் திறந்து இரண்டு விரலால் ஒரு நுள்ளு எடுத்துப் போட்டேன். கை திரும்பவும் பரணிக்குள் போனது. இன்னொரு நுள்ளு போட்டேன். மேலே ஊற்ற வேண்டிய பச்சைத் தண்ணீருக்குப் பதிலாக, முந்தின நாள் எனக்கு வடித்து வைத்திருந்த கஞ்சித் தண்ணீரை ஊற்றினேன். இறக்கும்போது ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெய் விட்டேன். கேரியரில் அடைத்து, வாசனை வராமல் மூடியை இறுக்கிக் கொடுத்தேன். சாயங்காலம் கேரியர் காலியாக வந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு ராத்திரி தூங்கினார்.

மறுநாளும் அப்படியே செய்தேன். அதற்கு மறுநாளும். இப்படி ஐந்து வாரம்.

அந்த ஐந்து வாரமும் நான் ஒரு நிலையில் இல்லை. தையலில் அளவு தப்பியது. ஒருவருடைய ஜாக்கெட்டின் கையை இன்னொருவருடையதில் வைத்துத் தைத்துவிட்டேன். அவர் காலையில் அலமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று மூச்சை இழுத்து வயிற்றைப் பார்ப்பார். கதவுக்குப் பின்னால் நின்று நானும் பார்ப்பேன். என் உப்பும் எண்ணெயும் அந்த வயிற்றில் எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்று தேடுவேன். போட்டியில் தோற்றால் அதற்குக் காரணம் நான்தான். சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பேன். கை நடுங்கியது நினைவுக்கு வரும், வாயை மூடிக்கொள்வேன். ஆச்சரியம் என்னவென்றால், கட்டு விழ ஆரம்பித்தது. முதலில் மேலே இரண்டு, பிறகு அதற்குக் கீழே இரண்டு. எண்ணெய் விட்ட வயிறு அது. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

போட்டியில் அவருக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. பெண்கள் பக்கத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து நான் பார்த்தேன். விளக்கு வெளிச்சத்தில் அவர் வயிற்றில் ஆறு கட்டும் தெரிந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கு அழுகை வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜிம் நண்பர்கள் ஏழெட்டுப் பேர் வீட்டுக்கு வந்தார்கள். சாயா போட்டுக் கொடுத்தேன். எல்லாரும் ரகசியம் கேட்டார்கள். என் கணவர் சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டி, "மக்கா, ஒரு தரி உப்பு தொடல்லை, பாத்துக்க. எண்ணெ கண்ணுல காணல்லை. அதாக்கும் விஷயம்" என்றார்.

அவர்களில் ஒருவர் பெயிண்டர். கட்டடங்களுக்கு வெள்ளையடிப்பவர். என் கணவரைவிட இரண்டு வயது இளையவர், கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை உண்டு. உண்மையைச் சொன்னால் அவருக்கு ஏற்கெனவே வயிற்றில் கட்டு உண்டு. நாள் முழுக்க ஏணியில் ஏறி இறங்கி, மரச்சீனிக் கிழங்கும் மீனும் தின்று வந்த கட்டு. ஆனால் அவருக்கு அது போதவில்லை. அடுத்த போட்டிக்கு நிற்க வேண்டும் என்று ஆசை. அவர் என்னைப் பார்த்து, "அக்கா, நீங்கதானே பொங்கிக் குடுத்தது. ஒரு தரியும் போடல்லையா?" என்று கேட்டார்.

நான் கணவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லை" என்றேன்.

ஒரே ஒரு சொல். அதற்கு இரண்டு நாள் கழித்துப் பெயிண்டரின் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். எப்படிச் சமைப்பது என்று கேட்டாள். கோழியை எவ்வளவு நேரம் அவிக்க வேண்டும், பயறு எத்தனை பிடி, தண்ணீர் எத்தனை குடம் என்றெல்லாம் நான் விவரமாகச் சொல்லிக் கொடுத்தேன். அவள் போகும்போது திரும்பி நின்று, "உப்பில்லாம எப்பிடிக்கா மனுஷன் தின்னும்?" என்று கேட்டாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். "பழகிப் போவும்" என்று சொல்லி அனுப்பினேன்.

அதன் பிறகு எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. தினமும் சாயங்காலம் கணவர் வந்ததும், "அந்தப் பெயிண்டர் எப்பிடி இருக்காரு?" என்று கேட்பேன். "மெலிஞ்சிட்டான், நல்லா வருவான்" என்பார். மே மாத வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ஒரு நாள் கடைக்குப் போகும்போது அவரை வழியில் பார்த்தேன். சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. ஹாண்டில்பாரில் பெரிய தண்ணீர்க் குப்பி ஒன்று தொங்கியது. "மூணாவது குப்பியாக்கும் அக்கா" என்று சிரித்தார். நான் நாலடி நடந்துவிட்டுத் திரும்பினேன். கூப்பிடலாமா வேண்டாமா என்று நிற்பதற்குள் அவர் வளைவில் திரும்பிவிட்டார்.

அடுத்த வாரம் ஒரு வெள்ளிக்கிழமை, மத்தியானம் இரண்டு மணி இருக்கும். உதியன்குளங்கரைப் பக்கம் ஒரு வீட்டில் மாடிச் சுவருக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவர் ஏணியிலிருந்து விழுந்துவிட்டார் என்று செய்தி வந்தது. ஜவுளிக்கடைக்கும் ஆள் போய்ச் சொன்னதால் கணவர் நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். நான் ஆட்டோ பிடித்துப் போனேன்.

கீழே மணல் குவித்துப் போட்டிருந்ததால் தலை தப்பியது. மணிக்கட்டு எலும்பு முறிந்திருந்தது. ஆனால் எல்லாரையும் பயமுறுத்தியது எலும்பு இல்லை. அவருக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. கூட வேலை செய்தவர் சொன்னார்: விழுவதற்கு முன்னாலேயே ஏணி மேல் நின்றுகொண்டு சம்பந்தமில்லாமல் பேசினாராம். வலிப்பும் வந்திருக்கிறது. டாக்டர் வெளியே வந்து மலையாளத்தில் கேட்டார். இவர் என்ன சாப்பிட்டுக்கொண்டிருந்தார், எத்தனை நாளாக உப்பு இல்லாமல் சாப்பிடுகிறார், இந்த வெயிலில் இவ்வளவு வியர்த்து வெறும் தண்ணீராகக் குடித்தால் ரத்தத்தில் உப்பு என்னவாகும் என்று யாருக்கும் தெரியாதா என்று. பெயிண்டரின் மனைவி அழுதுகொண்டே என்னைக் கை காட்டினாள். "இவிய சொன்னபடியாக்கும் குடுத்தேன். இவிய வீட்டுல அப்பிடித்தான் செய்தாவ" என்றாள். குற்றம் சொல்லவில்லை அவள். தான் ஒன்றும் தப்பாகச் செய்யவில்லை என்று டாக்டருக்குச் சாட்சி காட்டினாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கணவரின் கையைப் பிடித்து வராந்தாவின் ஓரத்துக்கு இழுத்துப் போனேன். அடிப்பாரோ, அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவாரோ என்றெல்லாம் யோசிக்க நேரமில்லை.

"நான் உப்பு போட்டேன்" என்றேன். "ரெண்டாவது வாரத்துலேருந்து எல்லா நாளும் போட்டேன். கஞ்சித் தண்ணியில வச்சு எண்ணெயும் ஊத்தினேன். நீங்க ஒரு நாளும் உப்பில்லாம தின்னல்லை."

அவர் பெயிண்டரின் மனைவி இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"எனக்க நாக்கு எனக்குத் தெரியாதா? மொத நாளே தெரியும்."

"பின்ன ஏன் கேக்கல்லை?"

"கேட்டா நீ நிறுத்தியிருப்ப."

அங்கே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். கண்ணாடி முன்னால் அவர் நின்ற ஐந்து வாரமும், கதவுக்குப் பின்னால் நான் நின்ற ஐந்து வாரமும், இரண்டு பேருக்கும் ஒரே விஷயம் தெரிந்திருக்கிறது. நான் ஒருத்தி மட்டும் ஏமாற்றுகிறேன் என்று நினைத்திருந்தேன். ஊரே கை தட்டி மேடையில் பரிசு வாங்கிய பிறகு, தான் உப்பும் எண்ணெயும் தின்றதைச் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லையாம். அவர் அதைச் சொன்னபோது அவர் குரல் சின்னப் பிள்ளையின் குரல் மாதிரி இருந்தது.

"இப்ப சொல்லணும்" என்றேன். "டாக்டர்கிட்டயும் அவகிட்டயும்."

"வாறேன்" என்று எழுந்தார். நான் சொல்வதற்கு முன்னால் அவரே சொன்னார். டாக்டர் தலையை மட்டும் ஆட்டினார். உப்பில்லாமல் தின்றதுதான் இப்படி ஆக்கியது, இனி சந்தேகமில்லை என்பது போல உள்ளே போய்விட்டார். பெயிண்டரின் மனைவி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வார்டின் மறு கோடிக்குப் போய் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள்.

இரண்டு நாள் சிகிச்சைக்குப் பிறகு பெயிண்டருக்கு நினைவு தெளிந்தது. முதலில் குழந்தையைக் கேட்டார், அடுத்து கஞ்சி கேட்டார். என் கணவர் படுக்கைக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னார். அவர் கேட்டுவிட்டு, "எண்ணெயும் உண்டா?" என்றார். இவர் ஆமாம் என்று தலையாட்டினார். "அப்பவும் கட்டு விழுந்துதா?" என்றார் அவர், நம்ப முடியாதவராக. அந்த நிலையிலும் அவர் கவலை அதுவாக இருந்தது. எனக்குச் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜிம்மில் எல்லாரையும் கூட்டி வைத்து என் கணவர் அதையே திரும்பச் சொன்னார். சிலர் சிரித்தார்கள். சிலர் அதன் பிறகு அவரோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். கை சரியாகிப் பெயிண்டர் வேலைக்குப் போகும் வரைக்கும் ஞாயிற்றுக்கிழமைதோறும் என் கணவர் போய் அவர் ஒப்புக்கொண்டிருந்த வீட்டின் பாக்கிச் சுவர்களுக்குப் பெயிண்ட் அடித்தார். பெயிண்டர் பழையபடி எங்கள் வீட்டுக்கு வரப் போக இருந்தார். அவர் மனைவி என்னோடு மறுபடி பேசுவதற்கு ஒன்றரை வருஷம் ஆனது.

சோறும் கொஞ்சம் தேங்காயும் சேர்த்து, அளவைக் குறைத்து, உழைப்பைக் குறைக்காமல் என் கணவர் அடுத்த வருஷமும் போட்டியில் நின்றார். பரிசு கிடைக்கவில்லை, ஆனால் கட்டு விழுந்தது. அவர் வயிற்றில் கட்டு விழுந்ததற்குக் காரணம் கொஞ்சமாகச் சாப்பிட்டதும் நிறைய உழைத்ததும்தான், பட்டினி கிடந்து நாக்கைக் கொன்றது இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

இன்றைக்கு என் அண்ணன் மகன் போனில் ஒருவருடைய வயிற்றைக் காட்டி, "அத்தை, இவரு எண்ணெயே தொடமாட்டாராம்" என்று சொல்லும்போது, அந்த ஆள் வீட்டு அடுக்களையில் நிற்கும், எண்ணெய் விட்டாயா என்று கேட்டால் "இல்லை" என்று சொல்லப்போகிற ஒருத்தியை நினைத்து என் மனசு இன்னும் நிலைகொள்ளாமல் தவிக்கிறது.