துரைக்கு நான் கொடுத்த துண்டு

பதுளை பஜாரில் முதன்முதலாக சோடா கம்பெனி வைத்தவன் நான். மெஷின் கொழும்பிலிருந்து பண்டாரவளை வரை ரயிலில் வந்தது. அதற்கு மேல் அந்தக் காலத்தில் ரயில் ஏது? மாட்டு வண்டிதான். பாதி வழியில் ஒரு மாடு படுத்துவிட்டது. அந்த மாட்டின் இடத்தில் நுகத்துக்குத் தோள் கொடுத்தவனும் நான்தான்.

தகரக் கூரைக் கடை, அதற்குப் பின்னால் அரிசிக் கிட்டங்கி, கதிர்காமம் போகிறவர்கள் தங்க ஒரு மடம்… எல்லாம் இந்தக் கை கட்டியது. பள்ளிக்கூடமா? மழைக்கு ஒதுங்கியிருக்கிறேன். பதுளையில் மழை அதிகம் — அதனால் எழுதப் படிக்கவும் வந்துவிட்டது.

"வாரா வாரம் பத்திரிகையில் இந்தக் கிழவனுக்கு இதே பாட்டுத்தானா?" என்று நீங்கள் முணுமுணுப்பது தெரியும். முணுமுணுத்துக்கொண்டே படிக்கிறீர்கள் அல்லவா? அது போதும்.

இத்தனையும் கட்டிய என்னைப் பார்த்து, போன மாதம் கொழும்பில் ஒரு கிளார்க் கேட்டார் — "நீங்கள் ஆர் ஐயா?"

விஷயம் இதுதான். கிழக்கே ஒரு தேசத்தில் அரிசி மலிவு என்று கேள்வி. நேரில் போய் மில்காரனைப் பிடித்தால், நம் மலையில் உள்ள தோட்டங்களுக்கெல்லாம் நானே அரிசி இறக்கலாம். இதே யோசனை கொழும்பு மொத்த வியாபாரிகளுக்கும் வந்துவிட்டது. யார் முந்திக் கப்பல் ஏறுகிறார்களோ, அவர்களுக்கு அரிசி. பிந்தினவன் கொழும்புக்காரனிடமே கைகட்டி நின்று வாங்க வேண்டியதுதான். எந்தத் தேசம் என்று எழுத மாட்டேன். அந்த ராஜாங்கத்து ஆபீஸுக்கு நான் மறுபடியும் போகவேண்டியிருக்கும்!

யுத்தத்துக்கு முன்னால் சீட்டு எடுத்தோமா, கப்பல் ஏறினோமா என்று இருந்தது. யுத்தம் வந்தது, பாஸ்போர்ட் வந்தது. யுத்தம் முடிந்து போயிற்று. பாஸ்போர்ட் போகவில்லை.

சரி, அதை வாங்கினேன். கெடுபிடி பண்ணி, தலைப்பாகையைக் கழற்றச் சொல்லிப் போட்டோவும் பிடித்தார்கள். என் வீட்டுக்காரி அந்தப் போட்டோவைப் பார்த்துவிட்டு, "இது யாருங்க?" என்றாள். அப்போதே எனக்கு எச்சரிக்கை வந்திருக்க வேண்டும்.

புறப்படுகிற சமயத்தில் கடைக் கணக்கப்பிள்ளை ஓடிவந்தார். "முதலாளி, பாஸ்போர்ட் மட்டும் பத்தாதாம். விசாவும் வேணுமாம்."

"எத்தனை வீசை?" என்றேன்.

பலசரக்குக்காரன் வேறென்ன கேட்பான்? கையோடு கொண்டுபோகிற சாமானுக்கு நிறை கேட்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். கணக்கப்பிள்ளை விழித்தார். எதிர்க் கடைக் காசிம் நானா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானாவுக்குத் துணிக்கடை. என் பழைய சினேகிதர். வாயைத் திறந்தால் என்னை ஒரு குத்துக் குத்தாமல் மூட மாட்டார்.

"அது வீசை இல்லை முதலாளி, விசா! நம்ம ராஜா 'போ' எண்டு புத்தகம் குடுத்தாரு. அந்த ஊரு ராஜா 'வா' எண்டு அதில முத்திரை குத்தோணும்."

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. "அட, இவ்வளவுதானா? இது துண்டு!"

தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்த வாசகர்களுக்குச் சொல்கிறேன். தோளில் போடுகிற துண்டு அல்ல. ஒரு தேயிலைத் தோட்டத்தை விட்டுப் போகிற கூலியாளுக்குத் தோட்டத் துரை கையெழுத்துப் போட்டுத் தருகிற கடுதாசி. 'இவன் போகலாம்' என்று இந்தத் துரை எழுதினால்தான் அடுத்த தோட்டத்துத் துரை 'வரலாம்' என்பார். துண்டு இல்லாதவனை எந்தப் பெரட்டிலும் — விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கிற இடத்தில் — பெயர் கூப்பிட மாட்டார்கள். எல்லாரும் மலைக்கு வேலைக்குப் போவார்கள். அவன் மட்டும் களத்தில் தனியாக நிற்பான்.

துண்டைச் சட்டம் போட்டு ஒழித்துவிட்டதாகப் பெருமைப்பட்டுக்கொள்கிறோம். எங்கே ஒழிந்தது? அட்டை போட்டு, சிங்கப் படம் ஒட்டி, வெள்ளைக்காரனுக்கும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். உலகம் முழுவதும் இப்போது ஒரே தோட்டம். எல்லாரும் கூலி லயத்தில் குடியிருக்கிறவர்கள்தான்!

நானாவும் என்னோடு கொழும்புக்கு வந்தார். வழியனுப்பவாம். வேடிக்கை பார்க்க என்பதுதான் உண்மை. பதுளைக்கே ரயில் வந்துவிட்ட காலம் — தெமோதரைச் சுற்றுப் பாதையில் ரயில் தன் வாலைத் தானே பார்த்துக்கொண்டு போகிற இடத்தில், "முதலாளி, நீங்களும் இப்பிடித்தான் சுத்தித் திரும்பி வரப் போறீங்க" என்றார். நல்ல சகுனம்!

அந்த ராஜாங்கத்துக் கான்சல் ஆபீஸில் கேள்வி கேட்கிறவர் ஒரு யாழ்ப்பாணத்துக் கிளார்க். கழுத்துப் பட்டி, மடிப்புக் கலையாத கோட்டு. உள் அறையில் கான்சல் உட்கார்ந்திருந்தார். நாம் சொல்வதை இவர் இங்கிலீஷாக்கி உள்ளே கொண்டுபோவார்.

"என்னத்துக்குப் போறியள்? ஊர் பாக்கவோ, வியாபாரத்துக்கோ?"

"வியாபாரத்துக்குங்க. அப்படியே ஊரையும் பார்த்துக்குவேன்."

"அப்பிடிச் சொல்லப்படாது ஐயா. ஒண்டைச் சொல்லுங்கோ. ஊர் பாக்கப் போறவர் வியாபாரம் செய்யேலாது."

"வியாபாரத்துக்குப் போறவன் ஊரைப் பார்க்கக் கூடாதுங்களா? கண்ணைக் கட்டிக்கிட்டா அரிசி வாங்குறது?"

நானா பின்னாலிருந்து, "வியாபாரம் எண்டே போடுங்க தம்பி. இவரு ஊர் பாத்தாலும், இங்க எத்தனை போத்தல் சோடா போகும் எண்டுதான் பாப்பாரு" என்றார்.

கிளார்க் சிரிக்கவில்லை. பாஸ்போர்ட்டைப் புரட்டினார். "அடையாளம் எண்ட இடத்திலை 'அட்டை' எண்டு கிடக்குது?"

"பூனாகலைப் பக்கத்து அட்டைங்க. கணுக்கால்ல கடிச்ச தழும்பு. காட்டட்டுங்களா?"

"வேண்டாம், வேண்டாம்." அவசரமாகப் புத்தகத்தை மூடினார். அப்புறம்தான் குண்டைப் போட்டார். "நீங்கள் ஆர் ஐயா? உங்களை நெடுநாளாத் தெரிஞ்ச ஒரு கனவான் — வெள்ளைக்காரர் எண்டால் நல்லம் — 'இவர் இன்னார், போனால் திரும்பி வருவார்' எண்டு எழுதித் தரோணும்."

"என்னைத் தெரியாதா? பதுளையில யாரை வேணும்னாலும் கேளுங்க!"

"பதுளையிலை கேக்கலாம். இண்டைக்கு இஞ்சை ஆரிட்டைக் கேக்கிறது? ஆபீஸ் மூடப் போகுது."

கப்பல் விடிந்தால் புறப்படுகிறது. கொழும்பு வியாபாரிகளின் ஆள் ஒருவர் அதே ஆபீஸிலிருந்து காலையிலேயே முத்திரையோடு வெளியே போனதை என் கண்ணால் பார்த்தேன். சோடா மெஷினை இழுத்த தோள் — ஒரு காகிதத்தை இழுக்க முடியவில்லை!

அந்த நேரத்தில் அடுத்த மேஜையில் 'டம்' என்று ஒரு சத்தம். ஒரு வெள்ளைக்காரத் துரை மேஜையைக் குத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் துரைசாணி குடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

துரை ஊர் பார்க்கப் போகிறவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுச் சீமைக்குத் திரும்புவதற்கு முன்னால் மனைவியோடு ஒரு சுற்று. துரைசாணியின் புத்தகத்தில் முத்திரை விழுந்துவிட்டது. துரைக்கு விழவில்லை. ஏன்? போட்டோவில் மார்பு வரை தாடி. நேரில் மழமழவென்று மோவாய். கப்பல் பயணத்துக்கு அழகாக இருக்கட்டும் என்று துரைசாணிதான் தாடியை எடுக்கச் சொன்னாராம்.

"தாடி வைத்தவருக்குத்தான் பாஸ்போர்ட் இருக்கிறது" என்றாராம் கான்சல். "அவரை வரச் சொல்லுங்கள்."

நானாவும் நானும் சிரித்துவிட்டோம். ஆனால் அந்த மோவாயைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. நடுவில் ஒரு குழி. எனக்குத் தெரிந்த மோவாய்!

நான் தோட்டத்தில் வேலை செய்த இளவயதில், அங்கே சின்னத்துரையாக வந்தவர் இவர். மீசைகூடச் சரியாக முளைக்காத முகம். தெமோதரைப் பக்கம் ஒரு தோட்டத்தில் என் அக்காள் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அங்கே போகிறேன் என்று இவரிடம்தான் துண்டு கேட்டேன்.

"துண்டு இல்லே. போ, வேலை பாரு."

அவ்வளவுதான் பதில். துண்டு இல்லாமலே ஓடினேன். எந்தத் தோட்டத்திலும் சேர்க்கவில்லை. அக்காள் வீட்டு லயத்திலும் ஒளிந்திருக்க முடியவில்லை. பதுளை பஜாரில் வண்டிகளுக்கு மூட்டை இறக்கினேன். மீதியை வாராவாரம் படிக்கிறீர்கள்.

துரை பிறகு வேறு மலைக்குப் போய், பெரிய துரையாகி, தாடியோடு பதுளைப் பக்கம் திரும்பியிருக்கிறார். என் சோடாவைப் பெட்டி பெட்டியாகக் குடித்திருக்கிறார். எனக்கு ஆள் தெரியவில்லை. பெயரா? துரைமாரை நாம் எப்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டோம்?

நானாவிடம் மெல்லச் சொன்னேன். அவர் கண் மின்னிற்று. "முதலாளி, இதுதான் சமயம். கிட்டப் போயி, 'துண்டு இல்லே, போ' எண்டு சொல்லிப்போட்டு வாங்க!"

சொல்லத்தான் போனேன். பொய் சொல்வானேன்?

"சலாங்க தொரை."

துரை திரும்பினார். "யாரு நீ?" அன்றைக்கு இரண்டாவது ஆள்!

"உங்ககிட்ட துண்டு கேட்டு நின்னவங்க. நீங்க குடுக்கல."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஓடிப் போன பயல்!"

"ஆமாங்க. இப்ப பதுளை பஜார்ல சோடா கம்பெனி."

"அந்த சோடா நீயா?" துரை என் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "அப்ப நான்தான் உன்னைப் பெரிய ஆள் ஆக்கினது! நான் துண்டு குடுத்தா, நீ இன்னும் மலையிலே வேலை பண்ணும்!"

கேட்டீர்களா அநியாயத்தை? மாட்டோடு நுகம் பிடித்தவன் நான். மூட்டை இறக்கியவன் நான். என்னை ஆக்கியவர் அவராம்… இல்லை என்று சொன்ன ஒரு வார்த்தையில்!

பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கிளார்க் எழுந்து வந்தார். "ஐயா, இந்தத் துரையைத் தாடி இல்லாமல் முந்திப் பாத்திருக்கிறியளோ?"

துரையின் முகம் மாறிற்று. அந்த முகத்துக்குக் கொழும்பு முழுவதும் தேடினாலும் அந்த நேரத்தில் ஒரே சாட்சி நான்தான். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பெரட்டில் பெயர் கூப்பிடும்வரை நாங்கள் எப்படி நிற்போமோ, அப்படி நின்றார். கை இரண்டும் பக்கவாட்டில். மேஜையைக் குத்திய கைதான்.

நின்ற நிலையைப் பார்த்ததும் 'துண்டு இல்லே' என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் சும்மாவும் விட முடியுமா?

"எழுதிக்குங்க தம்பி" என்றேன். "இந்த ஆளை எனக்குத் தாடி மொளைக்கிறதுக்கு முன்னாடியே தெரியும். ஆளு இவருதான். கோவம் வரும், போயிரும். காலையில பெரட்டுக்குத் தவறாம வருவாரு. வேலைக்கு மோசமில்ல. எந்தத் தோட்டத்துலயும் சேர்த்துக்கலாம்."

"தோட்டத்திலையோ?"

"தேசத்துலன்னு மாத்திப் போட்டுக்குங்க."

கிளார்க் முகத்தில் ஒரு சுருக்கமும் விழாமல் அப்படியே இங்கிலீஷில் எழுதிக்கொண்டு உள்ளே போனார். துரைக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். காது மடல் வரை சிவந்துவிட்டது. துரைசாணிக்குத் தெரியாது. அவர் என்னைப் பார்த்து நன்றியோடு தலையசைத்தார். நானா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு இருமினார்… அப்படி ஓர் இருமலை நான் கேட்டதே இல்லை.

முத்திரை விழுந்தது. துரை புத்தகத்தை வாங்கிப் பையில் போட்டார். துரைசாணியோடு வாசலை நோக்கி நடந்தார்.

கிளார்க் மைக்கூட்டை மூட ஆரம்பித்தார். வாசல் தாண்டினால் துரை போய்விடுவார். கப்பல், மில்காரன், அரிசி எல்லாம் அவர் பின்னாலேயே போய்விடும்.

"தொரை!" என்றேன். "எனக்கும் ஒரு துண்டு வேணுங்க."

அன்றைக்குக் கேட்ட அதே வார்த்தை. வேறு வார்த்தை எனக்கு வரவில்லை.

துரை நின்றார். முதுகைத்தான் பார்த்தேன். அந்த முதுகு திரும்புவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. திரும்பி வந்தார். கிளார்க்கின் பேனாவை எடுத்து, நின்றபடியே எழுதி, கையெழுத்துப் போட்டு, என்னிடம் நீட்டினார்.

"என்னங்க எழுதியிருக்கு?" என்று கிளார்க்கைக் கேட்டேன்.

அவர் தமிழாக்கிப் படித்தார். "'இவரை நெடுங்காலமாக அறிவேன். ஒருமுறை சொல்லாமல் ஓடியவர். ஓடியும் பதுளையைத் தாண்டவில்லை. ஆகையால் எங்கே போனாலும் நிச்சயம் திரும்பி வருவார்.'"

கான்சல் உள்ளே சிரித்த சத்தம் வெளியே கேட்டது. முத்திரையும் விழுந்தது. நானா மட்டும் ரயிலேறிப் பதுளைக்குத் திரும்பினார். நான் வருவதற்குள் இந்தக் கதையைப் பஜார் முழுவதும் விற்றுத் தீர்த்திருந்தார்.

அரிசி என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? கொழும்பு ஆள் எனக்கு முன்னால் முத்திரை வாங்கினவர்தான். ஆனால் 'ஊர் பார்க்க' என்று எழுதிக்கொடுத்திருக்கிறார்! மில் வாசலில் அவரைக் கோயில் பார்க்கப் போகச் சொல்லிவிட்டார்கள். நான் இதை எழுதுகிற நேரம் என் கிட்டங்கியில் மூட்டை இறங்கிக்கொண்டிருக்கிறது.

இங்கே நிறுத்தியிருப்பேன். நிறுத்த விடவில்லை அந்தத் துரை.

அதே கப்பலில்தான் அவரும் வந்தார். அவர் மேல் தட்டு, நான் கீழ்த் தட்டு. மேலேயிருந்து என்னைக் கைகாட்டித் துரைசாணியிடமும் சிநேகிதர்களிடமும் என்னமோ சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கப்பல் பட்லர் நம்மவர், அர்த்தம் சொன்னார். "நான் ஆக்கின ஆளுன்னு சொல்றாருங்க."

இப்போது ஊர் சுற்றித் திரும்பிவிட்டார்; துரைமார் கிளப்பில் அவருக்குப் பிரிவுபசாரம். வாழ்த்து மடல் அச்சாகிக்கொண்டிருக்கிறது. அச்சுக்கூடத்தில் போய் விசாரித்தேன் — 'சுதேசிகள் பலரை முன்னுக்குக் கொண்டுவந்தவர்' என்று ஒரு வரி இருக்கிறதாம். விருந்துக்குச் சோடா நான்தான். அனுப்புகிறேன். அதில் ஒரு குறையும் வைக்க மாட்டேன்.

ஆனால் அந்த வரிக்குக் கீழே இன்னொரு வரி சேர்க்க வேண்டும்: 'இவர் இன்னார்தான் என்று உலகத்துக்குச் சாட்சி சொல்லிக் கப்பலேற்றியவர், பதுளை பஜார் சோடாக் கம்பெனி முதலாளி.' இங்கிலீஷிலும் போடலாம், தமிழிலும் போடலாம். எழுத்து மட்டும் பெரிதாக இருக்க வேண்டும்.

போடாவிட்டால்… கொடுத்த துண்டை ரத்து செய்துவிடுவேன். துரை மறுபடி தாடி வளர்க்கட்டும்!