சம்பந்தியம்மா செய்த காப்பு

அப்பாச்சி என்றால் பாப்பிரெட்டிப்பட்டியில் எல்லோருக்கும் பைக்தான். என் ஒரே மகள் அமெரிக்காவில் ஓர் அப்பாச்சிப் பையனைக் கட்டிக்கொள்ளும் வரை எனக்கும் அப்படித்தான். அந்த நாட்டுப் பூர்வகுடிகளில் அவர்கள் ஒரு கூட்டம் என்று அவள் போனில் சொன்னபோது நான் காது கொடுக்கவில்லை. கல்யாணத்துக்கும் போகவில்லை. அதோடு பேச்சு நின்றது. மனைவி அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். வெள்ளிப் பட்டறையும் நானுமாக இரண்டு வருஷம் ஓடியது. நானே சோறாக்கி, நானே குறை சொல்லி, நானே பதிலும் சொல்லிக்கொள்வேன்.

போன மாதம் ஒரு பார்சல் வந்தது. உள்ளே ஒரு வெள்ளிக் காப்பு. கையால் அடித்தது என்று பார்த்ததுமே தெரிந்தது. நடுவில் நீலப்பச்சைக் கல், இரண்டு பக்கமும் முக்கோணம் முக்கோணமாக உளி வேலை. கூடவே மகள் கையெழுத்து: "என் மாமியார் உங்களுக்காகச் செஞ்சது. அவங்களும் வெள்ளி வேலைதான்."

அடக் கடவுளே, சம்பந்தியம்மாவும் என் தொழிலா! இதைக்கூடக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் இருந்திருக்கிறேன். எப்படியாவது மகளோடு பேசிவிட வேண்டும் என்று தவித்தது. ஆனால் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வராது, பிறவித் திமிர். கையால் ஏதாவது செய்து காட்டலாம் என்று நினைத்தேன்.

காப்பின் பள்ளங்களில் கருப்பு ஏறியிருந்தது. அவ்வளவு தூரம் வந்ததில் கருத்துவிட்டது போல என்று எண்ணினேன். நாங்கள் செய்யும் கொலுசில் ஒரு பொட்டுக் கருப்பு இருந்தாலும் கடைக்காரர் திருப்பி அனுப்பிவிடுவார். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைத்து, பித்தளை பிரஷ் போட்டு, ஊசி முனையால் ஒவ்வொரு முக்கோணமாகச் சுரண்டினேன். காலையில் உட்கார்ந்தவன் மூன்று மணிக்குத்தான் எழுந்தேன். பளபளவென்று வந்ததும் கையில் போட்டுப் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன்.

மறுநாள் காலையில் அவளே கூப்பிட்டாள்.

"என்னப்பா பண்ணி வெச்சிருக்கீங்க?"

"ஏன் பாப்பா, நல்லா வெள்ளையா வந்திருக்குதில்ல?"

"அது அழுக்கு இல்லீங்கப்பா. அத்தை வேணும்னே ஏத்தற கருப்பு. அது இருந்தாத்தான் அவங்க வேலையே தெரியும். போட்டோவப் பாத்துட்டு எந்திரிச்சு உள்ள போயிட்டாங்க."

அவள் அழுதாள்.

"எங்க வூட்டு ஆளுங்கன்னாலே உங்களுக்கு அழுக்காத்தான் தெரியுமாப்பா?"

போனை வைத்துவிட்டாள்.

வெள்ளியைக் கருக்க எனக்குத் தெரியாதா என்ன? அவித்த முட்டையை உடைத்து, காப்போடு டப்பாவில் போட்டு மூடினால் தானாகக் கருக்கும். மேலாகத் தேய்த்துவிட்டால் பள்ளத்தில் மட்டும் கருப்பு நிற்கும். முட்டையைக்கூட அவித்துவிட்டேன். மறுபடியும் என் இஷ்டத்துக்கே கை வைப்பதா என்று தோன்றியது. முட்டையை உப்புக்கூட இல்லாமல் தின்றுவிட்டு, போனில் பேசிப் பதிந்து அனுப்பினேன்.

"பாப்பா, அப்பா செஞ்சது தப்புதான். அந்தக் கருப்ப எப்படி ஏத்தறதுன்னு சம்பந்தியம்மாகிட்டக் கேட்டுச் சொல்லு கண்ணு. அவங்க சொல்ற மாதிரியே செய்யறேன்."

ஐந்து நாளாகிறது. நான் பேசி அனுப்பியதை அவள் கேட்டுவிட்டாள் என்று போன் காட்டுகிறது. பதில் வரவில்லை. காப்பை நான் கழற்றவில்லை, அது இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது.