அரைச்ச கறி யாருக்கு?

முகுந்தை அன்று நான் ஏச்சோடுதான் வரவேற்றேன். லண்டன் டூட்டிங்கில் என் பலசரக்குக் கடைக்கு மாதம் ஒருமுறை அரிசி வாங்க வருகிறவன். முப்பத்திரண்டு வயது, அடர்ந்த தாடி, கவுன்சில் மாடிக் குடியிருப்புகளில் லிப்ட் திருத்தும் வேலை. தடித்த ஜாக்கெட்டையும் மீறி வயிறு தெரிந்தது.

"என்னடா, வயிறு வண்டி வைச்சிட்டுது? மனுசி ஜெனோஜா நல்லாச் சமைக்கிறா போலை."

அவன் சிரிக்கவில்லை. "அன்ரி, பிள்ளை பெத்தவைக்கு அரைச்ச கறி காய்ச்ச என்னென்ன வேணும்?"

சந்தோசத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், உள்ளிப்பூண்டு என்று பையில் அள்ளிப் போட்டேன். "ஜெனோஜாவுக்கு எத்தனை மாசம்? பால்சுறா வந்தால் எடுத்து வைக்கிறன், பால் நல்லாச் சுரக்கும். அவவின்ரை அம்மா வாறாவோ காய்ச்ச?" என் வாய்க்குப் பூட்டுக் கிடையாது.

"அவவுக்கில்லை, அன்ரி. எனக்கு."

கையிலிருந்த உள்ளி கீழே விழுந்தது. இவன் லண்டனின் மறுகோடியில் செவன் கிங்ஸில் இருக்கும் வசந்தமலர் அக்காவின் ஒரே பிள்ளை. அக்காவும் நானும் பதினொரு வருடம் ஒரே சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடித்தவர்கள். மகளென்று வளர்ந்த பிள்ளை, தான் ஆண் என்று இருபத்தாறு வயதில் வீட்டில் சொன்னான். முகுந்த் என்று பெயர் வைத்துக்கொண்டான். அக்கா பழைய பெயரை விடவில்லை. "அந்தப் பெயரிலை கூப்பிடுறதெண்டால் எனக்குப் போன் அடிக்காதேங்கோ" என்றான் இவன். அவரும் அடிக்கவில்லை. ஆறு வருடம். தாயும் பிள்ளையும் தாம் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றார்கள்.

ஜெனோஜாவின் கருப்பையை நோயால் எடுத்துவிட்டார்களாம். "எங்களிட்டை இன்னும் ஒண்டு இருக்குத்தானே, அன்ரி" என்றான். அவன் ஆண் ஹார்மோன் ஊசியை நிறுத்தி, கிளினிக்குக்கு அலைந்து, இப்போது எட்டாம் மாதம்.

உள்ளதைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் கூசியது. பிள்ளைத்தாய்ச்சி என்ற சொல்லின் ஆண்பாலுக்கு எங்கே போவது? தம்பி என்பதா, பிள்ளை என்பதா? "இரு, மோனை" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டேன். எங்கள் பக்கத்தில் மகனும் மோனைதான், மகளும் மோனைதான். என் நாக்கு தப்பித்தது.

இருந்து, பால்தேத்தண்ணி குடித்தபடி பேசினான். வேலையிடத்துப் பெடியள் அவனை ஏணியில் ஏறவே விடுவதில்லை. மருத்துவிச்சி தன் குறிப்பில் அவனை அப்பா என்றுதான் எழுதியிருக்கிறா. "எல்லாம் இருக்கு, அன்ரி. ஆனால் அம்மாவின்ரை கையாலை அரைச்ச கறி ஒரு வாய் வேணும் போலை கிடக்கு. நான் உங்கடை மகள்தான் எண்டு சொன்னால் நாளைக்கே வருவா. அதை மட்டும் என்னாலை சொல்ல ஏலாது."

சித்திரையில் பெண்குழந்தை பிறந்தது, வயிற்றைக் கீறித்தான் எடுத்தார்கள். மறுநாளே நான் செவன் கிங்ஸுக்குப் போனேன். அக்கா முழுவதையும் கேட்டார். கண்ணைத் துடைத்தார். பிறகு நிமிர்ந்தார்.

"பெத்தது என்ரை மகள் எண்டால் சட்டியோடை ஓடி வருவன், சாந்தி. மகன் எண்டால் மருமகளின்ரை தாய் பாக்கட்டும். எந்த ஊரிலை தாய் மகனுக்குப் பத்தியம் காய்ச்சினவள்?"

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. "வயித்திலை வெட்டின காயத்துக்கு அது மகனோ மகளோ எண்டு தெரியுமே, அக்கா?"

நான் வாசலில் சப்பாத்துப் போடும்போது பின்னால் குரல் மட்டும் வந்தது.

"நீ என்னெண்டு கூப்பிடுறனி?"

"மோனை எண்டு."

கதவு சாத்தப்பட்டது.

ஒன்பதாம் நாள் மத்தியானம் அக்கா என் கடையில் நின்றார். இரண்டு ரயில் மாறி வந்திருக்கிறார். துவாயால் சுற்றிய ஐஸ்கிரீம் டப்பா ஒன்றை மேசையில் வைத்தார். "பிள்ளையின்ரை வீடு ரெண்டு தெருதான் அக்கா, வாங்கோ போவம்" என்று கையைப் பிடித்தேன். "முதல்லை கறி போகட்டும்" என்றார். கையை விடுவித்துக்கொண்டு நடந்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

நானே கொண்டுபோனேன். முகுந்த் மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு டப்பாவைத் திறந்தான். மணம் வந்ததுமே யாருடையது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஜெனோஜா சோறு போட்டுக் கொடுத்தா. ஒரு வாய் வைத்தான். அடுத்த வாய்க்குக் கை எழவில்லை.

இடது கையால் போனை எடுத்து, ஆறு வருடமாய் அழுத்தாத இலக்கத்தை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டான். வெகுநேரம் அடித்தது. பிறகு எடுக்கப்பட்டது. ரயில் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. குழந்தை சிணுங்கியது. இவன் விம்மத் தொடங்கினான்.

"ஏன் மோனை அழுறாய்?" என்றார் அக்கா. "மிளகு கூடிப்போச்சே?"