சத்தம் போடாத கேலரி

பாலக்கோடு தக்காளி மண்டியில் காலை ஏலம் நடக்கும்போது பக்கத்தில் நிற்பவரிடம் பேசுவதற்கே அவர் காதருகே குனிய வேண்டும். டிராக்டர்கள் உறுமிக்கொண்டிருக்கும். தக்காளிப் பெட்டிகளைத் தூக்கித் தரையில் போடுவார்கள். ஏலம் கூறுகிறவர்கள் ஆளுக்கொரு மூலையில் கத்துவார்கள். இத்தனைக்கும் மேலே ஒரு பெண் குரல் எழுந்து, பெங்களூரு லோடு தயார் என்று சொன்னால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீ குடித்துக்கொண்டிருக்கும் டிரைவர் டம்ளரை வைத்துவிட்டு ஓடிவருவார். அது காவேரி அக்காவின் குரல்.

அக்கா ஏரியூர்ப் பக்கத்தில் பிறந்தவர். மினி லாரி ஓட்டும் ஜெயபாலைக் கட்டிக்கொண்டு பாலக்கோட்டுக்கு வந்து, மண்டியில் தக்காளி பிரிக்கும் வேலையில் சேர்ந்தார். பழம், செங்காய், அடிபட்டது என்று கை தானாகப் பிரித்துக்கொண்டிருக்க, வாய் மண்டி முழுவதையும் நடத்தும்.

கால்பந்துக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்கவில்லை. எங்கள் ஊர் விடிவெள்ளி கால்பந்துக் கழகத்தின் ஆட்டக்காரர்களைத் தருமபுரிக்கு ஏற்றிச் செல்ல ஒருமுறை ஜெயபாலின் வண்டியைப் பேசியிருந்தோம். தருமபுரியில் ஜவுளி எடுக்க வேண்டும் என்று அக்காவும் முன் சீட்டில் ஏறிக்கொண்டார். ஆட்டம் முடிந்த பிறகுதான் கடைக்குப் போக முடியும் என்றதும் வேறு வழியில்லாமல் மாவட்ட விளையாட்டரங்கத்தின் கேலரியில் வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் சென்றாயன் பம்பை அடித்துக்கொண்டிருந்தார். கோயில் திருவிழாக்களில் பம்பை அடிப்பவர் அவர், ஞாயிற்றுக்கிழமைகளில் விடிவெள்ளிக்காக அடிப்பார். எங்கள் பையன்கள் அன்றைக்குச் செமத்தியாகத் தோற்றுக்கொண்டிருந்தார்கள். அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் நம்ம ஊர்ச் சட்டை போட்ட ஒருவன் காலில் பந்து இருப்பதைப் பார்த்ததும் எழுந்து நின்று, "ஓடு சாமி, ஓடு" என்று ஒரு குரல் கொடுத்தார். மைதானத்தின் மறுகோடியில் இருந்த கோல் கீப்பர்கூடத் திரும்பிப் பார்த்தான்.

அதிலிருந்து விடிவெள்ளி எங்கே ஆடினாலும் அக்கா இருப்பார். சென்றாயன் பம்பையை எடுப்பார், அக்கா குரலை எடுப்பார், பிறகு நாங்கள் எல்லோரும் சேர்ந்துகொள்வோம். நான் பஸ் நிலையத்துக்கு எதிரே செருப்புக் கடை வைத்திருக்கிறேன். மேட்ச் நாளில் கடையைப் பூட்டிவிட்டு முதலில் தேடுவது அந்த இரண்டு பேர் ஏறுகிற பஸ்ஸைத்தான். விதிகளை அக்கா ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டார். ஆஃப்சைடு மட்டும் அவருக்கு ஒத்தே வரவில்லை. முன்னால் போய் நிற்கிறவன் கெட்டிக்காரன், அவனை எதற்காகத் தடுக்க வேண்டும் என்று கேட்பார். எங்களில் யாராலும் திருப்தியாகப் பதில் சொல்ல முடிந்ததில்லை.

பிறகு கொரோனா வந்தது. மைதானங்களைப் பூட்டினார்கள். முதல் அலை எங்களைப் பெரிதாகத் தொடாமல் போனது. இரண்டாவது அலையில் சென்றாயன் போய்விட்டார். அவருடைய உடலைக்கூட நாங்கள் பார்க்கவில்லை. அந்தச் செய்தி வந்தபோது காவேரி அக்காவும் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்துக் குப்புறப் படுத்திருந்தார். ஜெயபால் வாசலிலேயே வண்டியை நிறுத்தி அதிலேயே படுத்துக் கிடந்தார். உள்ளே விடமாட்டார்கள். யாராவது நர்ஸ் வெளியே வந்தால் எழுந்து நிற்பார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

அக்கா பிழைத்து வந்தார். ஆனால் குரல் வரவில்லை. பேசினால் காற்று மட்டும் வந்தது. நான்கு படி ஏறினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மண்டிக்குத் திரும்பியபோது டிரைவர்களைக் கூப்பிட வாசலுக்கு நடந்து போய்க் கையைத் தூக்கிக் காட்டினார். அக்கா இப்படிக் கூப்பிடுகிறாரே என்று வருத்தப்பட்டவர்கள், கொஞ்ச நாளில் அந்தக் கையைப் பார்த்தே ஓடிவரப் பழகிக்கொண்டார்கள்.

அந்த ஆண்டுக் கடைசியில் ஆட்டங்களுக்கு அனுமதி கிடைத்தது. மாவட்ட அளவிலான போட்டி. விடிவெள்ளி இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. அதுவரை ஆளில்லாத கேலரி முன்னால்தான் ஆடியிருந்தார்கள். இறுதி ஆட்டத்துக்கு மட்டும் பார்வையாளர்களை விடலாம் என்றார்கள், அதுவும் பாதி ஆட்களை. ஊசி போட்ட சான்றிதழ் வேண்டும். முகக்கவசம் இறங்கக் கூடாது. சுண்ணாம்பு வட்டத்துக்குள்தான் உட்கார வேண்டும். மேளம் கூடாது. எல்லாவற்றையும்விடக் கடினமான விதி, சத்தம் போடக் கூடாது என்பது. கத்தினால் எச்சில் தெறிக்கும், நோய் பரவும். மீறினால் ஆட்டத்தை நிறுத்திவிடுவார்கள்.

கழகத்தின் செயலாளர் மாதேஸ்வரன், ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர். அவர் ஒரு சாயங்காலம் காவேரி அக்கா வீட்டுக்கு வந்தார். நானும் கூடப் போயிருந்தேன்.

"நம்ம ஆளுங்க சும்மா உக்காருவாங்களாம்மா?" என்று ஆரம்பித்தார். "ஒருத்தன் வாயத் தொறந்தா போதும், மேட்ச் போயிடும். உன் பேச்சுக்குத்தான் அவங்க அடங்குவாங்க."

"என்கிட்ட பேச்சே இல்லீங்களே சார்" என்றார் அக்கா.

"அதனாலதாம்மா உன்னக் கேக்கறன்."

அக்கா தரையைப் பார்த்தபடி, சென்றாயன் அண்ணன் இல்லாத இடத்தில் போய் எப்படி உட்காருவது என்று மெதுவாகச் சொன்னார்.  காபி குடித்துவிட்டுக் கிளம்பினோம். செருப்பை மாட்டும்போது ஜெயபால் மனைவியிடம் சொன்னது காதில் விழுந்தது. "நானும் கூட வரன். மூச்சு வாங்குச்சுன்னா திரும்பி வூட்டுக்கு வந்துரலாம்." அந்த மனிதர் அத்தனை வருஷத்தில் ஒரு ஆட்டம் முழுதாகப் பார்த்தவர் இல்லை. ஆட்டக்காரர்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு வண்டிக்குள்ளேயே தூங்குகிறவர்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் வந்தார்கள். தருமபுரி விளையாட்டரங்கத்தின் வாசலில் நீண்ட வரிசை. தெரசா என்ற நர்ஸ் ஒவ்வொருவர் நெற்றிக்கும் நேராகக் காய்ச்சல் பார்க்கும் கருவியைப் பிடித்தார், போனில் சான்றிதழைப் பார்த்தார், கையில் மருந்தை ஊற்றினார். அக்காவின் முறை வந்தபோது அவர் மூச்சு வாங்குவதைக் கவனித்து, நிழலில் உட்கார வைத்துவிட்டுப் பிறகே உள்ளே விட்டார்.

உள்ளே நுழைந்ததும் அக்கா நின்றுவிட்டார். நாங்கள் எல்லோருமே நின்றோம் என்றுதான் சொல்ல வேண்டும். அதிகம் மிதிபடாமல் இருந்த புல் ஒரே பச்சையாக நிரம்பிக் கிடந்தது. மழை கழுவிவிட்ட வானத்தில் வத்தல்மலை பக்கத்திலேயே நிற்பதுபோல் தெரிந்தது. கேலரியில் வட்டத்துக்கு ஒருவராக மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கண் மட்டும்தான் தெரிகிறது. ஆனாலும் அது மெக்கானிக், அது பூக்கடை, அது பேங்க் பியூன் என்று ஒவ்வொருவராக அடையாளம் தெரிந்தது. ஒன்றரை வருஷமாக நாங்கள் மனிதர்களைக் கூட்டமாகப் பார்த்தது ஆஸ்பத்திரியிலும் மயானத்திலும்தான்.

"இவ்ளோ பேரு இன்னும் இருக்கமா" என்றார் அக்கா. யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

எதிரணி மொரப்பூர். அவர்களுடைய ஆட்கள் கேலரியின் மறுபாதியில் இருந்தார்கள். ரயில்வேக்காரர்கள், விவசாயிகள், எங்களைப் போலவே பெரிய தொண்டைகள். மாதேஸ்வரன் அவர்களிடமும் போய்ப் பேசியிருந்தார். இரண்டு பாதிக்கும் நடுவே, கீழ்ப்படியில் அக்காவுக்கு ஒரு வட்டம். அடுத்த வட்டத்தில் ஜெயபால். அக்காவின் கை மேலே இருந்தால் மூச்சுக்கூட விடக் கூடாது, இறங்கினால் கை தட்டலாம். அவ்வளவுதான் ஏற்பாடு. மொரப்பூர்க்காரர்கள் இதற்கெல்லாம் கட்டுப்படுவார்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

விசில் ஊதியது. அக்கா கையைத் தூக்கினார்.

அதற்கு முன் நான் எத்தனையோ ஆட்டம் பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் ஒரு ஆட்டத்தைக் கேட்டேன். பந்தைப் பாதத்தின் உள்பக்கத்தால் தட்டினால் ஒரு சத்தம், விரல்முனையால் உதைத்தால் வேறு சத்தம். ஷூவின் முள் புல்லைப் பிய்த்தெடுப்பது கேட்டது. எங்கள் கோல் கீப்பர் சந்திரன் ஆட்டம் முழுக்கத் தன் ஆட்களோடு பேசிக்கொண்டே இருப்பான் என்பதே அன்றுவரை எங்களுக்குத் தெரியாது. "வுடு, வுடு, என்து" என்பான், "பின்னாடி ஆள் வரான் பாரு" என்பான், பந்து விலகிப் போனால் தனக்குத்தானே முணுமுணுப்பான். வீட்டில் குழந்தைகளை மேய்க்கிறவன் பேச்சுமாதிரி இருந்தது. அவ்வளவு பெரிய மைதானத்தில் அது மேல்படி வரை கேட்டது.

தீர்த்தன் எங்கள் வலதுபக்க ஆட்டக்காரன். வத்தல்மலையில் சாமையும் ராகியும் போடுகிற குடும்பம். மேட்ச் நாளில் முதல் பஸ்ஸில் மலையிறங்கி வருவான். அவன் பந்தோடு எங்கள் பக்கக் கோட்டை ஒட்டி ஓடிவந்தபோது அவன் மூச்சு கேட்டது. உள்ளே இழுப்பதும் வெளியே விடுவதும், துருத்தி போல. எங்களைத் தாண்டிப் போன பிறகும் கொஞ்ச தூரம் கேட்டது. நான் அக்காவைப் பார்த்தேன். கை மேலேயே இருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி முகக்கவசத்தில் ஊறிக்கொண்டிருந்தது.

அதைப் பற்றிப் பிறகு ஒருநாள் கடையில் வைத்துச் சொன்னார். "ஆஸ்பத்திரில மூச்சுன்னா மெஷின் சத்தம்தாங்க. பக்கத்துப் பெட்டுல அந்தச் சத்தம் நின்னா போச்சுன்னு அர்த்தம். இங்க பாத்தா இந்தப் பசங்க அத்தன மூச்சையும் அள்ளி அள்ளி எறைக்கறாங்க. இத்தன வருசம் நான் கத்துன கத்துல இது என் காதுல வுழவே இல்ல."

முதல் கோலை மொரப்பூர்தான் அடித்தது. கார்னரிலிருந்து வந்த பந்து, தலையால் ஒரு முட்டு, வலை நடுங்கியது. போச்சு, இப்போது கத்தப்போகிறார்கள், ஆட்டம் நிற்கப்போகிறது என்று நினைத்தேன். மொரப்பூர்க்காரர்கள் மொத்தமாக எழுந்தார்கள். எழுந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பி அக்காவின் கையைப் பார்த்தார்கள். அது இறங்கவில்லை. அவர் இடதுகையையும் மெல்லத் தூக்கினார். அவர்களும் இரண்டு கைகளையும் தூக்கினார்கள். ஒரு சின்னச் சத்தம் இல்லை. அரைக் கேலரி நிறைய ஆள்கள் வானத்தைப் பார்த்துக் கையை உயர்த்தி நிற்கிறார்கள், காற்றில் சட்டைகள் படபடக்கின்றன, அது மட்டும்தான் கேட்கிறது. கோல் அடித்தவன் கொண்டாடிக்கொண்டே கேலரிப் பக்கம் ஓடிவந்தான். பாதி வழியில் அவன் கால் தானாக நின்றது. அண்ணாந்து பார்த்தான். பிறகு அவனும் இரண்டு கையையும் தூக்கினான். அது எதிரணி கோல் என்பதே எனக்கு மறந்துபோனது.

அக்கா கையை இறக்கினார். கைதட்டல் மழைபோல இறங்கியது. எங்கள் பக்கமும் தட்டினோம். வேறு என்ன செய்வது.

இரண்டாம் பாதியில் தீர்த்தன் பதில் கோல் போட்டான். இரண்டு பேரைத் தாண்டி, மூன்றாவது ஆள் காலை நீட்டுவதற்குள் அடித்தான். அந்த நேரத்தில் மீறப்போனவர் ஒரே ஒருவர்தான், அது ஜெயபால். பந்தைப் பற்றி எந்த அக்கறையும் இல்லாத ஜெயபால் வட்டத்துக்குள் துள்ளி எழுந்து வாயைத் திறந்துவிட்டார். அக்கா திரும்பி ஒரு பார்வை பார்த்தார். ஜெயபால் முகக்கவசத்துக்கு மேலேயே இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

ஆட்டம் சமனாகி, கடைசியில் பெனால்டி உதைகளுக்குப் போனது. ஒவ்வொருவனும் பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நகரும்போது அவன் எச்சில் விழுங்குவதுகூடக் கேட்டிருக்கும். கண்காணிக்க வந்திருந்த அதிகாரி எப்போது நாற்காலியை விட்டு எழுந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை. அவரும் கைகளைக் கட்டிக்கொண்டு கோட்டருகே நின்றிருந்தார். எங்கள் கடைசி உதை கம்பத்தில் பட்டு வெளியே போனது. மொரப்பூர் ஜெயித்தது.

மறுபடியும் அவர்கள் எழுந்து கையைத் தூக்கினார்கள். அக்கா எங்கள் பக்கம் திரும்பினார். ஒன்றும் காட்டவில்லை, சும்மா பார்த்தார். பாலக்கோட்டுப் பக்கமும் எழுந்து நின்றது. தோற்ற நாங்களும் கைகளைத் தூக்கி நின்றோம். கீழே இரண்டு அணிகளும் கோட்டருகே வந்து நின்று எங்களை அண்ணாந்து பார்த்தார்கள். யாரும் அசையவில்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கூட்டத்தில் கொரோனாவுக்கு யாரையாவது பறிகொடுக்காதவர்கள் குறைவு. அதையெல்லாம் யாரும் எடுத்துச் சொல்லவில்லை, அறிவிப்பு எதுவும் இல்லை. கை வலிக்க வலிக்க நின்றோம். அக்காதான் முதலில் உட்கார்ந்தார், அவருக்கு மூச்சு வாங்கியது. ஜெயபால் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார்.

அடுத்த ஆண்டு விதிகள் எல்லாம் போயின. வட்டங்கள் மழையில் கரைந்தன. அக்காவின் குரல் பாதி திரும்பியது, மண்டியின் ஒரு வரிசைக்குக் கேட்கிற அளவுக்கு. கேலரியில் கத்துகிற வேலையை அவரோடு தக்காளி பிரிக்கும் அம்பிகா எடுத்துக்கொண்டாள். அவளுக்கும் நல்ல தொண்டைதான். பம்பைக்கு மாரண்டஅள்ளியிலிருந்து ஒருவர் வருகிறார். ஜெயபால் இப்போது வண்டியில் தூங்குவதில்லை. ரெஃபரியின் ஒவ்வொரு தவறையும் வீடு வரை பேசிக்கொண்டு வருகிறார்.

அக்கா மேல்படிக்கு ஏறுவதில்லை. கோட்டுக்குப் பக்கத்தில் கீழ்ப்படியிலேயே உட்காருகிறார். தீர்த்தன் வலதுபக்கம் பந்தை எடுத்துவிட்டால் மட்டும் கையைத் தூக்குவார். பம்பை நிற்கும். அம்பிகா வாயை மூடிக்கொள்வாள். அவன் உதைக்கிறவரை, அல்லது பந்தை இழக்கிறவரை பாலக்கோட்டுப் பக்கம் முழுக்க அசையாமல் இருக்கும். வெளியூர் அணிகளுக்கு இது விளங்குவதில்லை. அரூர் அணியின் தடுப்பாட்டக்காரன் ஒருவன் ஆட்டம் முடிந்ததும் மாதேஸ்வரனிடம் வந்து, உங்க ஆளுங்க திடீர்னு அப்படி ஆயிட்டா பயமா இருக்குதுங்க சார், என்ன பண்றாங்க என்று கேட்டான்.

"ஒண்ணுமில்லப்பா, கேட்டுக்கிட்டு இருக்காங்க" என்றார் மாதேஸ்வரன்.