பொகோட்டாவுக்கு நான் அனுப்பின புஸ்பராணி

புஸ்பராணியைப் பற்றி ஆரைக் கேட்டாலும் "சோக்கான மனிசி" எண்டுதான் நாங்கள் இருக்கிற அஜின்கோர்ட்டிலை சொல்லுவினம். நானும் சொல்லுவன். சொல்லிப்போட்டு வீட்டை வந்து கதவைச் சாத்தினாப் பிறகு வயிறு எரியிறது எனக்குத்தான் தெரியும். இவ்வளவு காலச் சிநேகிதியிலை பொறாமைப்படலாமோ எண்டு கேக்காதையுங்கோ. சிநேகிதியிலைதான் வரும். ரோட்டிலை போற வாறவளிலை ஆருக்குப் பொறாமை வரும்?

அவள் மட்டக்களப்பு, நான் யாழ்ப்பாணம். கனடாவுக்கு வந்த புதிசிலை பார்க்டேலிலை ஒரே கட்டடத்திலை எதிரெதிர்க் கதவு. நான் மனிசனோடை வந்தனான், அவள் தனிய வந்தவள். கலியாணம் முடிச்ச சூட்டோடை அவளின்ர மனிசனை ஆரோ பிடிச்சுக்கொண்டு போனவங்கள். ஆள் திரும்பி வரேல்லை. "இன்னொண்டைக் கட்டன் ராணி" எண்டு நான் கேக்கிற நேரமெல்லாம் "மறுகா பாப்பம்" எண்டுவாள். மறுகா எண்டால் அவையின்ர பக்கத்திலை பிறகு எண்டு அர்த்தம். அந்த மறுகா கடைசி வரைக்கும் வரேல்லை.

ஸ்காபரோவிலை மஞ்சள் ஸ்கூல் பஸ் ஓடினவள். கிழமை முழுக்க பஸ் ஓடிற மனிசி லீவு நாளிலை வீட்டிலை காலை நீட்டிப் படுக்கவேணுமோ இல்லையோ? மாட்டாள். ஏதாவதொரு பஸ்ஸிலை ஏறிக் கடைசித் தரிப்பு மட்டும் போய் இறங்கி, கால் போன போக்கிலை நடப்பாள். சீனாக்காரரின்ர தெரு, கிரேக்கரின்ர தெரு, ரூஜ் எண்ட இடத்திலை புது வீடுகளுக்குப் பின்னாலை கிடக்கிற பத்தை, ஒண்டையும் விடமாட்டாள். "ஒரு இடத்தைப் பாக்கிறதெண்டால் அங்கத்தைச் சனம் காலமை என்னத்துக்கு வரிசையிலை நிக்குது எண்டு பாக்கவேணும், கோபுரத்தைப் பாத்துப் பிரயோசனமில்லை" எண்டு ஒரு விளக்கமும் சொல்லுவாள்.

நான் இன்சூரன்ஸ் கந்தோரிலை மேலதிக வேலை செய்த காலத்திலை, பஸ்ஸை விட்டிட்டு வந்து என்ர ஒரே பிள்ளை லக்சிகாவைப் பள்ளிக்கூடத்தாலை கூட்டிக்கொண்டு வாறது இவள்தான். கூட்டிக்கொண்டு நேரை வீட்டை வந்தால் என்ன? பிள்ளையையும் இழுத்துக்கொண்டு ஊர் சுத்தப் போயிடுவாள். நான் புட்டும் மீன்குழம்பும் வச்சுக்கொண்டு காவல் இருப்பன். பிள்ளை சப்பாத்து முழுக்கச் சேறோடை வந்து, "அன்ரியோடை சாப்பிட்டிட்டன் அம்மா" எண்டும். வாய் ஓயாமல் கதை சொல்லும், அவ்வளவும் அன்ரி காட்டின இடங்களின்ர கதை. எனக்கு நன்றி சொல்லவும் வேணும், நாலு வார்த்தை ஏசவும் வேணும் போல இருக்கும். நன்றியைத்தான் சொன்னனான்.

பிள்ளை வளந்து, படிச்சு முடிச்சு, கொலம்பியாவிலை பொகோட்டா எண்டு ஒரு நகரத்திலை பள்ளிக்கூடத்திலை படிப்பிக்க வேலை எண்டாள். "ஒரு வருசம்தான் அம்மா" எண்டவள். நாலு வருசமாச்சு. வா வா எண்டு என்னை எத்தினை தரம் கூப்பிட்டிட்டாள். ஒவ்வொருக்காவும் வாறன் எண்டிட்டு நான் போகேல்லை. ஏன் எண்டு சொல்லுறன் கேளுங்கோ. அம்மா வந்து பாத்து, நல்ல இடம்தான் எண்டு தலையை ஆட்டினால், அவள் அங்கையே வேர் விட்டிடுவாள். நான் போகாமல் இருந்தால்தான் அம்மாவைப் பாக்கவேணும் எண்டு அந்தரப்பட்டு இஞ்சை வருவாள். இது என்ர கணக்கு. என்ர மனிசன் மகேஸ்வரன், "உது விசர்க்கணக்கு" எண்டவர். அவருக்கு என்ன தெரியும்? பிள்ளையைப் பெத்தது நான்.

போன சித்திரையிலை புஸ்பராணி வேலையாலை ஓய்வெடுத்தாள். எடுத்த கையோடை என்ர குசினியிலை வந்து இருந்து, "மங்கை, நான் ஒருக்கா லக்சிகாவைப் போய்ப் பாத்திட்டு வரட்டோ?" எண்டு கேட்டாள். உள்ளுக்குள்ளை சுள்ளெண்டுதான் இருந்தது. ஆனால் உடனை ஒரு யோசினை ஓடிச்சுது. நான் போகாமலே என்ர கையை அங்கை நீட்ட நல்ல சந்தர்ப்பம். மிளகாய்த்தூளும் பருத்தித்துறை வடையும் கட்டிக் குடுத்து, "ராணி, நல்லாக் கேள். ஊர் சுத்த நான் உன்னை அனுப்பேல்லை. பிள்ளையோடை இருந்து கதைச்சு, மனசை மாத்தி, கையோடை கூட்டிக்கொண்டு வா" எண்டனான்.

"ஓமடி, கேட்டுப் பாக்கிறன்" எண்டு போனவள்.

போனவளிட்டையிருந்து முதல் வந்த செய்தி என்ன தெரியுமோ? லா கண்டெலாரியாவாம். "மங்கை, இதுதான் இவையின்ர பழைய ஊர். கல்லுப் பதிச்ச தெரு, ஒரே ஏத்தம். ஓட்டு வீடுகள், ஒண்டு நீலம், பக்கத்து வீடு மஞ்சள், சுவர் முழுக்க ஆள் உயரத்துக்குப் படம் கீறி வச்சிருக்கிறாங்கள். மலைக்கு மேலை இருக்கிற நகரமெல்லோ, நாலு அடி வைக்க மூச்சு வாங்குது. லக்சிகா என்ர கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு போறாள். மறுகா ஒரு கடையிலை கோழி போட்ட உருளைக்கிழங்குச் சூப்பு வாங்கித் தந்தவள். அடியேய், என்ன ருசி!"

நான் திருப்பி ஒரு கேள்விதான் கேட்டனான். "கேட்டியோ?"

"இண்டைக்குத்தானே வந்தனான். மறுகா கேக்கிறன்."

அடுத்தது பலோகேமாவ் எண்டு ஒரு சந்தை. விடியப்புறம் பூ வந்து இறங்கிற இடமாம், நடக்க வழியில்லாமல் ரோசாக்கட்டு. அன்னமுன்னா, கொடித்தோடை, மரவள்ளி எல்லாம் குவிஞ்சு கிடக்குதாம். "எங்கடை சந்தைக்கை நிண்ட மாதிரி இருந்தது" எண்டு படம் அனுப்பினாள். நான் பழத்தையோ பாத்தனான்? படத்தை இழுத்துப் பெருப்பிச்சு என்ர பிள்ளையைப் பாத்தன். புஸ்பராணியின்ர சப்பாத்துக் கயிறு அவிண்டிருக்க, சனத்துக்கு நடுவிலை குந்தியிருந்து கட்டிவிடுறாள். என்ர கடவுளே! எனக்கு முழங்கால் வருத்தம் எண்டு தெரிஞ்ச பிள்ளை, எனக்கு ஒருநாள் கயிறு கட்டிவிட்டிருப்பாளோ? படத்தை மகேஸுக்குக் காட்டினன். "நல்லாத்தானே இருக்கு, பிள்ளை சிரிக்குது" எண்டார். அதுதானே எனக்கு எரிஞ்சது. என்னோடை வீடியோவிலை கதைக்கேக்கை "சாப்பிட்டன், சுகம், வேலை கனக்க" எண்டு மூண்டு சொல்லு. அவளுக்குப் பல்லுத் தெரியச் சிரிப்பு.

பேந்து தெயுசாகியோ. செங்கல் வீடுகளாம், கூரை கூம்பி இங்கிலாந்து வீடுகள் மாதிரி இருக்குமாம், தெரு நெடுக மரமாம். அங்கைதான் லக்சிகாவும் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பெரிய ரோட்டுகளைக் காருக்குப் பூட்டிவிட, சனம் சைக்கிளிலையும் நடையாயும் ரோட்டை நிறைச்சுக்கொண்டு போகுமாம். பஸ் ஓடின புஸ்பராணி நடு ரோட்டிலை கையை விரிச்சுக்கொண்டு நிக்கிறாள், படம் எடுத்தது என்ர மகள். உசாக்கேன் எண்டு இன்னொண்டு. ஒரு காலத்திலை தனி ஊராம், நகரம் வளந்து அதை விழுங்கிப்போட்டுதாம், ஆனால் கோயிலும் சதுக்கமும் அப்பிடியே கிடக்குதாம். அங்கத்தை ஞாயிறு சந்தையிலை ரெண்டு பேரும் ஒரே நிறத்திலை சால்வை வாங்கிப் போட்டுக்கொண்டு நிக்கினம். தாயும் மகளும் எண்டுதான் பாக்கிறவன் நினைப்பான். தாய் இஞ்சை அஜின்கோர்ட்டிலை ரொட்டிக்கு மாக் குழைச்சுக்கொண்டு நிக்கிறாள்!

வேலியிலை போன ஓணானை நானே பிடிச்சு மடியிலை விட்டிட்டன். போனை எடுத்து, "நீ என்ன தேன்நிலவுக்கோ போனனீ? கேட்டியோ இல்லையோ?" எண்டு கத்தினன்.

"கேட்டனான் மங்கை" எண்டாள். "வந்து சொல்லுறன்." அவளின்ர குரலிலை பகிடி இல்லை.

அவள் திரும்பி வரேக்கை விமான நிலையத்துக்கு நான்தான் போய்க் காரிலை ஏத்தினனான். அந்தச் சால்வையோடை வந்து இறங்கினாள். கறுத்து, மெலிஞ்சு, பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருந்தாள். எனக்கு இன்னும் எரிஞ்சுது. வீட்டை வந்து குசினியிலை இருந்து, கொய்யாப்பழ இனிப்பும் கோப்பித்தூளும் எடுத்து மேசையிலை வச்சாள். மகேஸ் ரீவி பாத்துக்கொண்டிருந்தவர், சத்தத்தைக் குறைச்சுப்போட்டார்.

"அவள் வரமாட்டாள் மங்கை" எண்டாள் புஸ்பராணி. "அங்கத்தைச் சீவியம் அவளுக்குப் பிடிச்சிருக்கு. வேலையையும் நிரந்தரமாக்கிப் போட்டாங்கள். உனக்குச் சொல்லப் பயத்திலை இருக்கிறாள்."

நான் கோப்பித்தூள் பையை எடுத்து அங்காலை தள்ளி வச்சன்.

"இன்னொண்டும் சொல்லவேணும். அவளின்ர வீட்டிலை ரெண்டு அறை. ஒண்டு உனக்கெண்டு வச்சிருந்தவள். படியில்லாத வீடாப் பாத்து எடுத்ததே உன்ர முழங்காலுக்காகத்தானாம். மேசை, சாமிப்படம், நீ போத்துற மாதிரிக் கம்பளி, எல்லாம் இருக்கு. இவ்வளவு காலமும் அதிலை ஒருத்தரும் படுக்கேல்லை. நான்தான் முதல் படுத்தனான்."

"நீ!" எண்டன்.

"இந்தப் பனிக்கு எல்லாரும் யாழ்ப்பாணம் போவினம்தானே. எனக்கு மட்டக்களப்பிலை போய் இருக்க ஒருத்தருமில்லை. 'அன்ரி, தையிலை வந்து மூண்டு மாசம் இருங்கோ, அறை சும்மாதான் கிடக்கு' எண்டு லக்சிகா கேட்டவள். நான் ஓம் எண்டிட்டன்."

எனக்கு வந்த கோவத்துக்கு அந்தக் கோப்பித்தூளை அவளின்ர தலையிலை கொட்டியிருப்பன். "அது என்ர அறையடி!" எண்டு கத்தினன். "என்ர பிள்ளை எனக்கெண்டு வச்ச அறை! புருசன் இல்லாட்டில், பிள்ளை இல்லாட்டில், மற்றவளின்ர பிள்ளையைப் பறிக்கிறதோ?"

சொல்லியிருக்கக்கூடாது. மகேஸ் எழும்பி வந்து வாசலிலை நிண்டார். புஸ்பராணி அழேல்லை, எழும்பிப் போகவுமில்லை. கொய்யா இனிப்பிலை ஒரு துண்டை வெட்டி என்ர பக்கம் தள்ளிவிட்டாள். "நான் பறிக்கேல்லை மங்கை" எண்டாள் மெதுவா. "நீ போகேல்லை."

நான் போனை எடுத்து, அவள் பாத்துக்கொண்டிருக்க ஸ்பீக்கரிலை போட்டு லக்சிகாவுக்கு அடிச்சன். என்ன ஏது எண்டு கேக்கவிடாமல், "பிள்ளை, அந்த அறையை ஒருத்தருக்கும் குடுக்காதை. நான் தையிலை வாறன்" எண்டன்.

"அம்மா, ஐ ஆல்ரெடி அன்ரிக்கு ஓகே சொல்லிட்டன்" எண்டாள் லக்சிகா. "நீங்கள் ஒவ்வொருக்காவும் வாறன் எண்டிட்டுக் கடைசி நேரத்திலை மாட்டன் எண்டுவீங்கள். பாவம் அன்ரி, அவவை நான் வேண்டாம் எண்டு சொல்லேலாது. சொறி அம்மா. வாறதெண்டால் சோபா இருக்கு, இழுத்தால் கட்டில் மாதிரி வரும்."

"நான் சோபாவிலை படுக்கிறன், அம்மா அறையை எடுக்கட்டும்" எண்டு புஸ்பராணி மேசைக்கு அங்காலை இருந்து சொன்னாள். என்ர பிள்ளையின்ர வீட்டிலை எனக்கு இவள் இடம் தாறாளாம்! வாங்கினால் நான் மனிசியோ? வாங்காட்டில் தை வந்திடும், பங்குனியும் போயிடும், ரெண்டு பேரும் சால்வையோடை நிக்கிற படத்தை இன்னொருக்கா இழுத்துப் பெருப்பிச்சுப் பாத்துக்கொண்டிருப்பன்.

"வேண்டாம்" எண்டன். "அறையிலை அவள் படுக்கட்டும். நான் சோபாவிலை படுக்கிறன்."

லக்சிகா என்னைக் கேக்கேல்லை.

"அன்ரி," எண்டாள், "அம்மா உண்மையாத்தான் சொல்லுறாவோ?"